ஓட முடியாத எட்டு வாரம்: மனசுக்கு எது கைகொடுக்கும்?

அக்டோபர் கடைசி ஞாயிறு. ஜனவரி மாரத்தானுக்கு இன்னும் பத்து வாரம். 18 கிலோமீட்டர் ஓடி முடித்து பெசன்ட் நகர் வீட்டின் மாடிப்படி ஏறும்போது இடது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பின் உள்பக்கம் சுருக்கென்றது. விரலால் அழுத்திப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடம். அங்கே தொட்டால் மட்டும் உயிர் போனது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் பிடிபடாது என்று சொல்லி, டாக்டர் எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினார். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். விழுந்து உடைந்த எலும்பு இல்லை. ஆயிரமாயிரம் காலடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக அடிவாங்கி, ஆறுவதற்கு நேரம் கிடைக்காமல் மயிரிழையாக விரிந்த எலும்பு. ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. முதல் மூன்று வாரம் வெளியே போனால், காலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மருத்துவ பூட் போட்டுத்தான் நடக்க வேண்டும்.

"ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்றார்கள் எல்லோரும். கால் சரியாகும் என்று எனக்கும் தெரியும். நான் பயந்தது அதற்கு இல்லை. வங்கியில் வேலை. பையன் பிளஸ் டூ. அத்தைக்கு ஞாபகமறதி தொடங்கி இரண்டு வருஷமாகிறது. அடுப்பை அணைத்தோமா என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்பார். இதையெல்லாம் நான் பொறுமையாகச் செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் பாராட்டுவார்கள். அந்தப் பொறுமை எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். காலை ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை கடற்கரைச் சாலையிலிருந்து வந்தது.

இரண்டாவது வாரம், ராத்திரி சாப்பிடும்போது பையன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, நீ இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கத்துறே." குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. பயந்த குரல். அன்றைக்குத்தான், ஓட்டத்துக்குப் பதிலாக எதையாவது தேடியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எட்டு வாரத்தில் ஏழெட்டு வழிகளை முயன்று பார்த்தேன். எது உதவியது, எது உதவவில்லை என்று ஒப்பிட எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. செய்து முடித்ததும் எப்படி இருக்கிறது என்பது நல்ல அளவுகோல் இல்லை. வியர்த்து விறுவிறுத்து வரும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். அதனால் சாயங்காலம் ஏழு மணியை எடுத்துக்கொண்டேன். ஆபீஸிலிருந்து வந்து, குக்கர் வைத்து, அத்தை முப்பதாவது தடவை அடுப்பைப் பற்றிக் கேட்கும் நேரம். அப்போது என் குரல் எப்படி இருக்கிறது? ஒரு சின்ன டைரியில் தினமும் மூன்றே சொற்களில் ஒன்றை எழுதினேன்: நல்லது, பரவாயில்லை, மோசம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓடாமல் இருப்பதால் வரும் எரிச்சலை நம் பலவீனம் என்று நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. 1970-இல் ஃபிரெடெரிக் பேக்லண்ட் என்ற அமெரிக்க மனநல ஆராய்ச்சியாளர், வழக்கமாக உடற்பயிற்சி செய்பவர்களை ஒரு மாதம் நிறுத்தச் சொல்லி அவர்கள் தூக்கத்தைப் பரிசோதிக்க நினைத்தார். வாரத்தில் ஐந்தாறு நாள் செய்பவர்கள், கூடுதல் பணம் தருவதாகச் சொல்லியும் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாரத்துக்கு மூன்று நான்கு நாள் செய்பவர்களை வைத்துத்தான் ஆய்வை நடத்த முடிந்தது. அவர்களுக்கே தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாலேயே, எங்கோ ஓர் ஊரில், யாரோ சிலர் பணத்தைக் கொடுத்தாலும் நிறுத்த மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

சரி, வழிகளுக்கு வருகிறேன்.

முதல் பத்து நாள் நான் எடுத்த வழி, எதுவும் செய்யாமல் இருப்பது. பலருக்கும் இதுதான் முதல் தேர்வு. தேர்வு என்றுகூடச் சொல்ல முடியாது, அதுவாக அமைந்துவிடும். ஐந்து மணிக்கு விழிப்பு வரும். எழுந்து என்ன செய்ய என்று படுத்தபடியே போனை எடுப்பேன். ஓட்டத்தைப் பதிவு செய்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் எல்லோருடைய ஓட்டமும் வரிசையாக வந்து நிற்கும். எங்கள் ஓட்டக்குழுவில் படங்கள் வரும். அமெரிக்க மாரத்தான் வீராங்கனை ஜோன் பெனாய்ட் கதையை மூன்று பேர் அனுப்பினார்கள்: 1984 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை, 17 நாள் கழித்து அமெரிக்கத் தகுதிப் போட்டியில் வெற்றி, ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம். அன்போடுதான் அனுப்பினார்கள். ஆனால் அவருக்குப் பிரச்சினை முழங்கால் மூட்டில்; எனக்கு எலும்பில் விரிசல். எலும்பு ஆற வேண்டிய காலத்தை மன உறுதியால் குறைக்க முடியாது. அந்தப் பத்து நாளும் டைரியில் 'மோசம்'தான். காலுக்கு ஓய்வு கட்டாயம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் கால் ஓய்வெடுக்கும்போது ஆளும் படுத்துக்கிடந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பது ஓய்வாகாது. குழுவின் அறிவிப்புகளை ஒரு மாதத்துக்கு அமைதிப்படுத்தி வைத்தேன். ஸ்ட்ராவாவை நீக்கினேன். இதற்குக் காசு செலவில்லை, காலுக்கும் கேடில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்புறம் வியர்வையைத் தேடிப் போனேன். மூச்சு வாங்கி, உடம்பு களைத்தால் மனசு அடங்கும் என்பது ஓடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குக் காரணம் எண்டார்ஃபின் என்று ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் உடம்பே சுரக்கும் வேறொரு பொருளை அதிகம் சுட்டுகிறார்கள். 1992-இல் ஜெருசலேமில் ரஃபேல் மெக்கூலம் ஆய்வுக்கூடத்தில் அதைக் கண்டுபிடித்தபோது, நம் 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்தே எடுத்து அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். 2003-இல் நடந்த ஒரு ஆய்வில் டிரெட்மில்லில் மிதமாக ஓடியவர்களுக்கும், நின்ற இடத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் ரத்தத்தில் அது கூடியிருந்தது. எனக்கு இதில் பெரிய ஆறுதல் கிடைத்தது. அந்தச் சுகத்துக்குத் தரையில் கால் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மிதமாக, இடைவிடாமல், கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினால் போதும். எதில் வாங்குவது என்பதுதான் கேள்வி.

எனக்குச் சரியாக வந்தது தண்ணீரில் ஓடுவது. ஃபிசியோதான் சொன்னார். மூன்றாவது வாரத் தொடக்கத்தில், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். இடுப்பில் மிதவை பெல்ட் கட்டிக்கொண்டு நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் இறங்க வேண்டும். கால் தரையைத் தொடக்கூடாது. உடம்பைக் கொஞ்சமே கொஞ்சம் முன்னால் சாய்த்து, முழங்காலை மேலே கொண்டுவந்து, பாதத்தைக் கீழே தள்ளி, கையைப் பக்கவாட்டில் வீசாமல் ஓடும்போது வீசுவதுபோலவே வீச வேண்டும். எங்கேயும் போக வேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே ஓடலாம்.

முதல் நாள் பெண்களுக்கான நேரத்தில் போனேன். முழங்கால் வரை நீளும் நீச்சல் உடை, தொப்பி, குளோரின் வாசம். பெல்ட்டோடு மூலையில் மிதந்துகொண்டு காலை ஆட்டுவதைப் பார்த்துப் பயிற்சியாளர் ஓடி வந்தார். "மேடம், நீச்சல் தெரியலைன்னா அந்தப் பக்கம் போங்க, இது ஆழம்." விளக்கிச் சொன்னேன். "தண்ணிக்குள்ள ஓடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவரே விசில் ஊதி நேரம் குறித்துக் கொடுத்தார். ஒரு நிமிடம் வேகமாக, அரை நிமிடம் மெதுவாக, இருபது தடவை. அந்த விசில் மட்டும் இல்லாவிட்டால் நான் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன். ஏனென்றால் தண்ணீரில் ஓடுவதன் பெரிய குறை அலுப்பு. காற்று இல்லை, சாலை இல்லை, எதிரே வரும் முகங்கள் இல்லை. நாற்பது நிமிடமும் அதே நீல ஓடுகள். சும்மா மிதந்தபடி ஓடினால் மனசு ஆபீஸுக்குப் போய்விடும். வேகத்தை மாற்றி மாற்றி ஓடினால்தான் மனசு தண்ணீரிலேயே இருக்கும். நாடித்துடிப்பைப் பார்த்துச் சோர்ந்துவிடவும் கூடாது. அதே அளவு முயற்சிக்கு ஆழத் தண்ணீரில் துடிப்பு தரையில் ஓடுவதைவிடப் பத்துப் பதினைந்து குறைவாகத்தான் காட்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் இதை மேலே வைக்கிறேன். ஓட முடியாதவருக்கு வரும் பதற்றத்தில் ஒரு பங்கு, சேர்த்து வைத்த திறன் கரைகிறதே என்ற பயம். அது பொய்யான பயமும் இல்லை. முற்றாக நிறுத்தினால் நன்றாகப் பழகிய உடம்பின் ஆக்சிஜன் உள்வாங்கும் திறன் முதல் இரண்டு மூன்று வாரத்திலேயே சுமார் 7 சதவீதம் இறங்கும் என்று 1984 ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் 1993-இல், ஆறு வாரம் தண்ணீரில் ஓடியவர்களையும் சைக்கிள் மிதித்தவர்களையும் சாலையில் ஓடியவர்களையும் ஒப்பிட்டபோது, இரண்டு மைல் ஓட்ட நேரத்தில் யாரும் பின்தங்கவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு ராத்திரி கணக்குப் போடுவதை நிறுத்தினேன். தூக்கம் திரும்பியது முதலில் இந்தக் குளத்து நாட்களில்தான். டைரியில் பெரும்பாலும் 'பரவாயில்லை', சில நாள் 'நல்லது'.

நீச்சல் தெரிந்தவர்கள் நீந்தலாமே என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது சிறந்த வழி. சுவரைக் காலால் உதைத்துத் திரும்பாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், அந்த உதை நேராக எலும்புக்குத்தான் போகும். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு நீச்சலில் மூச்சுதான் பிரச்சினை. தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் காற்று கிடைக்குமா என்ற தவிப்பு. மனசை இறக்கி வைக்கப் போன இடத்தில் இன்னொரு பயத்தை ஏற்றிக்கொண்டு வரக்கூடாது.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள், வலி இல்லையென்றால், உடம்புக்கு நன்றாகவே உதவுகிறது. எழுந்து நின்று மிதிக்கக்கூடாது. எங்கள் குடியிருப்பில் அது ஜிம்மின் சுவரைப் பார்த்து இருக்கிறது. ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) விடியற்காலை சைக்கிள் ஓட்டுபவர்களோடு சேரலாம் என்று ஒரு தோழி கூப்பிட்டாள். திடீரென்று பிரேக் போட்டு அடிபட்ட காலை ஊன்ற வேண்டி வந்தால் என்னாகும் என்று யோசித்து, வேண்டாம் என்றேன். வருத்தம் இல்லை.

ஜிம்மில் உட்கார்ந்தபடி எடை தூக்குவதும் படுத்தபடி வயிற்றுப் பயிற்சி செய்வதும் ஓட்டத்துக்குத் திரும்பும்போது நிச்சயம் பயன்படும். நானும் வாரம் இரண்டு நாள் செய்தேன். ஆனால் மன அழுத்தத்துக்கு என்று கேட்டால், எனக்கு அதனால் பெரிதாக எதுவும் இறங்கவில்லை. பாட்டுச் சத்தம், கண்ணாடி, அடுத்து யார் என்று காத்திருப்பவர்கள். சத்தத்திலிருந்து தப்பிக்க ஓடியவள் நான்.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கே அப்போது தெரியாது. தெரிந்தது நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை.

விடிய விடிய மழை. இடி மின்னல் இருந்ததால் குளத்தைத் திறக்கவில்லை என்று ஐந்து மணிக்குச் செய்தி வந்தது. நான் ஏற்கெனவே எழுந்து முகம் கழுவியிருந்தேன். மழை விட்டிருந்தது. திரும்பப் படுக்க மனசில்லை. போனை மேஜை மேலேயே வைத்துவிட்டு, மருத்துவ பூட்டைக் காலில் மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். எட்டு நிமிட வழிக்குப் பதினைந்து நிமிடம் ஆனது. கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னத்துக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த வெள்ளை வளைவை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

மழைத் தண்ணீர் அடையாற்றில் கலந்து வந்து கடல் வடக்குப் பக்கம் செம்மண் நிறமாக இருந்தது. வாடைக்காற்று. குப்பத்தில் ஒருவர் படகை இறக்காமல், வலையை மடிமேல் போட்டுக்கொண்டு கிழிந்த கண்களை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தார். தினமும் நான் ஓடிப் போவதைப் பார்த்திருப்பார் போல. தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "இன்னாம்மா, கால்ல கட்டு? அதான் ஆளயே காணோம்." சொன்னேன். "எலும்பா? மெதுவாத்தான் கூடும். நானும் ரெண்டு நாளா கடலுக்குப் போவல, பாரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் முடிந்துகொண்டிருந்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நைலான் நூலை ஊசிக்கட்டையில் சுற்றி, ஒரு கண்ணுக்குள் விட்டு, சுண்டி இழுத்து, பல்லால் கடித்து அறுப்பார். அடுத்த கண். ஐம்பது நிமிடம் போனது எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை. நாடித்துடிப்பு ஏறவில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு அத்தை அடுப்பைப் பற்றிக் கேட்டார். "அணைச்சாச்சு அத்தை, வந்து பாருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினேன். டைரியில் 'நல்லது' என்று எழுதினேன்.

அந்த ராத்திரிதான் புரிந்தது. ஓட்டம் எனக்கு ஒரே வேலையைச் செய்யவில்லை. நாலைந்து வேலையைச் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. மூச்சு வாங்க வைத்தது. தூங்க வைத்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு சேர்த்தது. இந்த வாரம் போன வாரத்தைவிட நன்றாக ஓடினேன் என்று ஒரு கணக்குக் கொடுத்தது. இதெல்லாம் போக, யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஒன்றரை மணி நேரத்தையும் கொடுத்தது. நான் வியர்வைக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து போனதில் பெரிய பங்கு அந்த ஒன்றரை மணி நேரம். மாற்றுவழி எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தனக்கு எந்த வேலை நின்றுபோனது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே பால்கனியில் உட்கார்ந்து பார்த்தேன், அது பலிக்கவில்லை. வீட்டுக்குள் இருந்தால் பால் பொங்கும், காலிங் பெல் அடிக்கும், "அம்மா, என் ஐடி கார்டு எங்கே?" வரும். வெளியே போக வேண்டும், போன் இல்லாமல் போக வேண்டும், அதே நேரத்தில் போக வேண்டும். ஓட்டம் இல்லாத நாளில் "அம்மா சும்மாதானே இருக்கா" என்று வீடு அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும். கெட்ட எண்ணத்தில் இல்லை, நாம் விட்டுக் கொடுப்பதால். ஐந்திலிருந்து ஆறரை வரை நான் வீட்டில் இல்லை என்பதை எலும்பு முறிந்தாலும் மாற்ற மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நானே பால் காய்ச்சிக்கறேன், போ" என்றார். பெண்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குளமோ கடற்கரையோ கோயிலோ, அந்த நேரத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் கால் ஆறிய பிறகு திரும்ப வாங்குவது கஷ்டம்.

ஆனால் உட்காருவது மட்டும் போதும் என்றும் சொல்ல மாட்டேன். தொடர்ந்து மூன்று நாள் கடற்கரையில் உட்கார்ந்தபோது மனசு தெளிவாக இருந்தது, உடம்பு ராத்திரி புரண்டுகொண்டே இருந்தது. உடம்புக்குக் களைப்பு வேண்டியிருந்தது. அதனால் கடைசியில் வாரம் மூன்று நாள் குளம், மூன்று நாள் கடற்கரை என்று வைத்துக்கொண்டேன்.

மூச்சுப் பயிற்சியை நான் வேறு இடத்தில் வைக்கிறேன். அது காலை நேரத்துக்கு மாற்று இல்லை. பகலில் திடீரென்று கோபம் தலைக்கேறும்போது எடுக்கும் மருந்து. நவம்பரில் வங்கியில் பென்ஷன்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வருவார்கள். கைரேகை பதியாது. பெரியவர்கள் தப்பு தங்களுடையது என்று நினைத்து விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார்கள். வரிசை வாசல் வரை நிற்கும். முன்பெல்லாம் காலையில் ஓடிய ஓட்டம் அந்த நாளைத் தாங்கும். இந்த வருஷம் தாங்கவில்லை. ஸ்டேன்ஃபோர்டில் 2023-இல் வெளியான ஆய்வில் பார்த்த முறையைச் செய்தேன்: மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, அதன் மேலேயே இன்னொரு சின்ன மூச்சு இழுத்து, வாயால் நீளமாக விடுவது. தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம். அந்த ஆய்வில் இதைச் செய்தவர்களுக்கு, தியானம் செய்தவர்களைவிட மனநிலை கூடுதலாக மேம்பட்டது. ரெக்கார்டு ரூமில் நின்று செய்யலாம், யாருக்கும் தெரியாது.

இது பிடிக்காதவர்கள் ஜபம் செய்யலாம். 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஜெபமாலை ஜெபத்தையும் யோக மந்திரத்தையும் சேர்த்து அளந்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறக்கின. இதயத் துடிப்பின் லயமும் சீரானது. எங்கள் தெருவில் வேளாங்கண்ணி கோயிலுக்குப் போகிறவர்களும் அஷ்டலட்சுமி கோயிலுக்குப் போகிறவர்களும் ஒரே வேகத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. அத்தைக்கு அடுப்பு மறந்துபோகிறது. மாலையை உருட்டும்போது மந்திரம் ஒரு எழுத்துகூட மறப்பதில்லை. அவர் பக்கத்தில் நானும் பத்து நிமிடம் உட்காரத் தொடங்கினேன். அந்த நேரத்தில் அவர் அடுப்பைப் பற்றிக் கேட்பதும் இல்லை. ஆனால் உடம்பு துடித்துக்கொண்டிருக்கும் ஒருவரை, "பிராணாயாமம் பண்ணு, எல்லாம் சரியாகும்" என்று உட்கார வைப்பது கொடுமை. முதலில் உடம்பு களைக்கட்டும்.

அப்புறம் கூட்டாளிகள். குழுவை விட்டு விலகி இருப்பதா, ஓடாவிட்டாலும் போய் நிற்பதா? இதில் நான் இரண்டையும் செய்தேன். முதல் மாதம் விலகியிருந்தது சரியென்றே நினைக்கிறேன். அந்தக் காயத்தோடு போய் நின்று சிரிப்பது, சிரிக்கும் நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் வீட்டில் அழ வைக்கும். ஐந்தாவது வாரம், நீண்ட ஓட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். போனேன். கேன் தண்ணீர், ஓஆர்எஸ், நறுக்கிய ஆரஞ்சு, ஒரு டப்பாவில் உப்பு. வேலை இருந்ததால் கையும் மனசும் அதிலேயே இருந்தன. போய்ச் சும்மா நிற்பதற்கும் ஒரு வேலையோடு நிற்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முடிந்ததும் எல்லோரோடும் உட்கார்ந்து பொங்கலும் காபியும் சாப்பிட்டேன். மாசக்கணக்கில் ஓட முடியாமல் இருந்து திரும்பி வந்தவர்கள் அந்த மேஜையில் மூன்று பேர் இருந்தார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எனவே, யாருக்கு எது? என் கணிப்பைச் சொல்கிறேன். ராத்திரி தூக்கம் கெட்டு, உடம்பு பரபரக்கிறது என்றால் தண்ணீரில் ஓடுங்கள். குளம் கிடைக்காவிட்டால் நின்ற இடத்துச் சைக்கிள். உடம்பு பரவாயில்லை, மனிதர்கள்தான் தாங்கவில்லை என்றால், வியர்வையைத் துரத்தாதீர்கள். அதே நேரத்தில் எழுந்து வெளியே போய் உட்காருங்கள். தனியாக வாழ்பவர், ஓட்டக்குழுதான் உங்களுக்கு உறவு என்றால், குளத்தைவிட முதலில் அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்குப் போங்கள். நான் ஒரு மாதம் காத்திருந்தேன், நீங்கள் காத்திருக்க வேண்டாம். எண்கள் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் குளத்து நிமிடங்களையும், ஃபிசியோ கொடுத்த பயிற்சிகளையும் எழுதி வையுங்கள்.

சாப்பாட்டைக் குறைப்பதை மட்டும் யாரும் ஒரு வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடவில்லை, எடை போட்டுவிடும் என்ற பயத்தில் நான் ஒரு வாரம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். ஆறும் எலும்புக்குச் சாப்பாடு வேண்டும்; குறைவாகச் சாப்பிடுவதே இந்த விரிசலுக்கு ஒரு காரணம் என்று ஃபிசியோ கண்டித்தார். பசியில் கோபமும் கூடியது.

இதில் எதைச் செய்வதற்கும் முன்னால் உங்கள் விரிசல் எங்கே என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கால் எலும்பின் உள்பக்கத்தில் வரும் விரிசல் பெரும்பாலும் தானாக ஆறும். இடுப்பு மூட்டில், தொடையிடுக்கில் வலி இருந்தால் கதையே வேறு. குளத்துக்குக்கூட டாக்டர் சொல்லாமல் இறங்கக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால், அதைக் கால்வலியின் கணக்கில் எழுதாதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

டிசம்பர் கடைசியில் டாக்டர் அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். வலி இல்லை. அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலி இல்லாததால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்துத் தடவை என்று எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஜனவரி மாரத்தான் நாளில் நான் தண்ணீர் மேஜையில் இருந்தேன். அதற்கு முதல் நாள் மொத்தமே பத்து நிமிடம்தான் ஓடியிருந்தேன்.

முன்பு வாரம் ஐந்து நாள் ஓடுவேன். இப்போது நான்கு. புதன்கிழமை குளம், பயிற்சியாளர் இன்னும் விசில் ஊதுகிறார். செவ்வாய்க்கிழமை வாட்சைக் கழற்றி வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்து போகிறேன். வலை முடிபவர் சில நாள் இருப்பார், சில நாள் கடலுக்குப் போயிருப்பார்.